சுனௌலிக்கு அப்பால்: கோரமண்டலிலிருந்து நேபாளத்துக்குக் காரில் போகிறவர்களுக்கு

"நேபாளம்னா வேற தேசமாச்சே, நடுவழியில வண்டிய யாராச்சும் மடக்கினா கேக்க ஆளிருக்கா?"

கோலார் தங்கவயல் சுரங்க ஊரின் கோரமண்டலில் ஒரு குடும்பம் முக்திநாத்துக்குக் காரிலேயே போகப்போகிறது என்ற பேச்சு அக்கம்பக்கத்து லைன் வீடுகளுக்குப் பரவியதும் முதலில் எழும் கேள்வி இதுதான். அடுத்தது கொள்ளை பயம். அதற்கும் அடுத்தது பாஷை. மூன்றுக்கும் பதில் உண்டு. இந்த அத்தியாயத்திலேயே வரும். ஆனால் அண்மை ஆண்டுகளில் நேபாளச் சாலைகளில் நடந்த பெரிய விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், உயிரைக் குடித்தவை வேறு: மழைக்காலம், இராப்பயணம், மலைச்சரிவு. வயதானவர்களுக்கு இவற்றோடு உயரமும் சேரும். வண்டியை மடக்கும் ஆளைப் பற்றிக் கவலைப்படுகிற குடும்பம் எந்த மாதம் புறப்படுகிறது, இருட்டும் நேரத்தில் எந்த ஊரில் இருக்கும் என்பதைப் பற்றி அதே அளவு கவலைப்பட்டால், ஆபத்தில் பெரும்பங்கு வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

பக்கத்து நாடு என்று பார்த்தால், இந்திய எண் பலகையோடு சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு அதிகச் சிக்கல் இல்லாமல் போய்வரக்கூடியது நேபாளம்தான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் ஆட்களைத்தான் ஏற்றுகிறது, கார்களை அல்ல. பாகிஸ்தான் வழி மூடியிருக்கிறது. மியான்மரில் 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு மோரே எல்லையைத் தாண்டி ஓட்டிப் போவது உல்லாசப் பயணிக்குரிய காரியமல்ல. பூட்டான் அமைதியான நாடு. ஆனால் இந்தியரில் பெரியவர் ஒவ்வொருவரும் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் செலுத்தவேண்டும். நேபாளத்துக்கோ விசா கிடையாது, இங்கே போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், இந்தி தெரிந்த ஒருவர் வண்டியில் இருந்தால் டீக்கடை முதல் போலீஸ் சாவடி வரை பேசிச் சமாளிக்கலாம். பசுபதிநாத் கோயிலின் தலைமை அர்ச்சகர்களான மூலபட்டர்கள் கர்நாடகத்திலிருந்து போனவர்கள் என்பதை அறிந்தால் தங்கவயல்காரருக்குக் கொஞ்சம் தெம்பு வரும். முக்திநாத்தும் தமிழருக்கு அந்நியமானதல்ல. 108 திவ்யதேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் தலம் அது.

2024ஆம் ஆண்டில் நடந்த மூன்று சம்பவங்களைப் புறப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஜூலை 12, அதிகாலை மூன்றரை மணி அளவு. நாராயண்காட்டிலிருந்து முக்லிங் போகும் சாலையில் சிமல்தால் என்ற இடத்தில் மலைச்சரிவு இறங்கியது. காத்மாண்டு நோக்கி வந்த ஒரு பேருந்தையும், காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய இன்னொன்றையும் சேர்த்து அடித்துத் திரிசூலி ஆற்றில் தள்ளியது. இரண்டிலும் 65 பேர். மூன்று பேர் குதித்துத் தப்பினார்கள். மழைவெள்ளத்தில் பெருகிய அந்த ஆற்றில் பலரது உடல் கிடைக்கவேயில்லை. இறந்தவர்களில் இந்தியர்களும் உண்டு.

ஆகஸ்ட் 23, பகல் வேளை. போக்ராவிலிருந்து காத்மாண்டு போய்க்கொண்டிருந்த இந்தியப் பேருந்து ஒன்று தனஹுன் மாவட்டத்தில் சாலையை விட்டு விலகி, மர்ஸ்யாங்தி ஆற்றங்கரையில் உருண்டு விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் மகாராஷ்டிராவின் ஜல்காவ் மாவட்டத்து யாத்ரீகர்கள். வண்டி கோரக்பூரில் ஏற்பாடு செய்தது. 27 பேர் இறந்தார்கள். கோரக்பூர் வரை ரயிலில் போய், அங்கே ஒரு வண்டியை வாடகைக்குப் பிடிக்கலாம் என்று தங்கவயலிலும் பலர் திட்டமிடுகிறார்கள். எனவே இது தூரத்துச் செய்தி அல்ல.

செப்டம்பர் கடைசி வாரம். மழைக்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் 26 முதல் 28ஆம் தேதி வரை கொட்டித் தீர்த்தது. நாடு முழுவதும் 240 பேருக்கு மேல் மாண்டனர். காத்மாண்டுக்குள் நுழையும் சாலையில் ஜ்யாப்லே கோலா என்ற இடத்தில், வழி அடைபட்டு நின்றிருந்த வண்டிகள் மேல் மண் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. ஓடிய வண்டிகள் அல்ல, நின்ற வண்டிகள். இதை ஓட்டுநருக்குத் தனியாக எடுத்துச் சொல்லவேண்டும். சாலை அடைபட்டால் சரிவின் அடியில் வரிசையில் நின்று காத்திருக்கக் கூடாது. திரும்ப இடமிருக்கும்போதே திருப்பிக்கொண்டு, கடந்து வந்த ஊருக்குப் போய் அறை எடுத்துவிட வேண்டும். ஓர் இரவு வாடகை வீணானால் ஆகட்டும். பாறை எந்த நேரத்தில் எப்படிச் சரியும் என்று கணிக்க முடியாது என்பதைத் தங்கவயலைக் காட்டிலும் அதிக விலை கொடுத்துக் கற்ற ஊர் குறைவு.

ஆக, எந்த மாதம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். இதில் சமரசத்துக்கு இடமில்லை. கர்நாடகப் பள்ளிகளின் தசரா விடுமுறை அக்டோபரில் வந்தால் நல்ல பருவம், மலைகளும் தெளிவாகத் தெரியும். ஆனால் அப்போதுதான் நேபாளத்தில் தசைன் பண்டிகை. ஊருக்குத் திரும்பும் கூட்டத்தால் பேருந்துகள் பிதுங்கும், சாலைகள் நெரியும். அக்டோபரிலும் வங்கக்கடலைக் கவனிக்கவேண்டும். 2014 அக்டோபர் 12இல் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுட்ஹுட் புயல் இரண்டே நாளில் இமயமலைக்குப் போய்ப் பனிப்புயலாகக் கொட்டியது. முக்திநாத்துக்கு மேலே இருக்கும் தொரொங் கணவாய்ப் பக்கம் மலையேறியவர்களும் வழிகாட்டிகளுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆந்திரக் கரையில் புயல் எச்சரிக்கை இருந்தால் முக்திநாத் பயணத்தை நான்கு நாள் தள்ளிப்போடுவது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த மாதத்தில் ஆபத்து நேபாளத்துக்கு முன்பே, உத்தரப் பிரதேசத்திலேயே தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் கங்கைச் சமவெளியில் இறங்கும் மூடுபனியைத் தென்னாட்டு ஓட்டுநர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பத்தடிக்கு முன்னால் நிற்கும் கரும்பு டிராக்டர் தெரியாது. காலை பத்து மணிக்கு மேல் வண்டியை எடுத்து, மாலை ஐந்துக்குள் நிறுத்திவிட முடியும் என்றால் மட்டும் டிசம்பர். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரையிலான பருவம்தான் குடும்பங்களுக்கு எல்லா வகையிலும் தோதானது.

இனி வழி. தங்கவயலிலிருந்து கோலார், சிந்தாமணி வழியாக ஹைதராபாத் நெடுஞ்சாலையைப் பிடித்தால், அதற்குப்பின் பழைய தேசிய நெடுஞ்சாலை 7இன் தடம்தான். கன்னியாகுமரியிலிருந்து வாரணாசி வரை 2,369 கிலோமீட்டர் ஓடிய, ஒரு காலத்தில் நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை. ஹைதராபாத், நாக்பூர், ரீவா, கோரக்பூர் என்று நான்கு இரவுகள் தங்கி, ஐந்தாம் நாள் காலை சுனௌலி எல்லைக்குப் போய்ச் சேர்வதுதான் உடம்பு தாங்கும் கணக்கு. ஒரு நாளைக்கு 450 முதல் 600 கிலோமீட்டர் வரும். இதை மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லும் ஓட்டுநரை ஏற்றிக்கொள்ளக் கூடாது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தூங்காமல் ஓட்டிய கையோடு மலைச்சாலையில் ஏறுகிறவருக்கு முதல் வளைவிலேயே கண் சொக்கும். நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் காட்டுக்குள் விலங்குகள் அடியில் கடந்துபோகச் சாலையையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதியைப் பகலில் கடப்பது நல்லது. வண்டியில் இரண்டு பேருக்கு ஓட்டத் தெரிந்திருக்கவேண்டும், இருவரிடமும் உரிமம் இருக்கவேண்டும்.

காகிதங்களைப் பொறுத்தவரை, ஊரிலேயே செய்யவேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் எடுக்கும் வாகன இன்சூரன்ஸ் சாதாரணமாக இந்திய எல்லையோடு முடிந்துவிடும். நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகிய நாடுகளுக்கு அதை நீட்டித்துக்கொள்ள 'ஐஎம்டி 1' என்ற இணைப்பு உண்டு. கூடுதல் பிரீமியம் சில நூறு ரூபாய்தான். ஏஜென்ட் "எல்லாம் கவராகுது சார்" என்று சொன்னால் போதாது. பாலிசித் தாளில் இணைப்பின் எண்ணும் நேபாளம் என்ற பெயரும் அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். உடல்நலக் காப்பீடும் அப்படித்தான். வழக்கமான குடும்பப் பாலிசிகள் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் செல்லாது. தனியாகப் பயணக் காப்பீடு எடுக்கவேண்டும்.

உறவினரின் வெள்ளை போர்டு காரை வாடகை பேசி எடுத்துப்போகும் பழக்கம் தங்கவயலில் உண்டு. மாமா வண்டி, மச்சான் வண்டி என்று எழும் நம்பிக்கை விபத்து நடந்த அன்றோடு சரி. சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம். உண்மையிலேயே இரவல் வண்டி என்றால், ஆர்சி யார் பெயரில் இருக்கிறதோ அவர் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும், அவருடைய அடையாள அட்டை நகலும் கையில் இருக்கட்டும். மஞ்சள் போர்டு டெம்போ டிராவலர் என்றால் நேபாளத்துக்கான தனி அனுமதி வேண்டும். அதை டிராவல்ஸ்காரர் வாங்கியிருக்கிறாரா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்கவேண்டும், கொடுத்த பிறகு அல்ல.

ஆட்களுக்கு வேண்டியது பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதார் போதும் என்று பலர் நம்பிக்கொண்டு வருகிறார்கள். உள்துறை அமைச்சகம் 2019இல் அறிவித்தபடி, 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் மட்டுமே நேபாளப் பயணத்துக்கு ஆதார் செல்லும்.

எல்லையில் நடப்பது இது. இந்தியப் பக்கச் சுனௌலியைக் கடந்தால் நேபாளப் பக்கம் பெலஹியா. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருவர் ஆர்சி, உரிமம், அடையாள அட்டை ஆகியவற்றின் அசலையும் இரண்டிரண்டு நகல்களையும் எடுத்துக்கொண்டு சுங்கக் கவுன்டருக்குப் போகவேண்டும். அங்கே தருவது 'பன்சார்' எனப்படும் நாள் கணக்கு அனுமதிச் சீட்டு. அதற்குக் கட்டணம் உண்டு. போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதிக்குத் தனிக் கட்டணம். வரிசையில் நிற்பவரை நெருங்கி "சீக்கிரம் முடிச்சுத் தரேன்" என்று இந்தியில் பேசும் தரகர்கள் இருப்பார்கள். அவர்களிடம் அசல் ஆர்சியைக் கொடுக்கக் கூடாது. சீட்டு கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் வண்டி எண்ணையும் தேதிகளையும் சரிபார்க்கவேண்டும். அங்கே எழுதுவது விக்ரம் சம்வத் ஆண்டு, நம்முடையதைவிட 56, 57 ஆண்டுகள் முன்னால் இருக்கும். முடியும் நாள் எது என்பதைக் கவுன்டரிலேயே கேட்டு ஆங்கிலத் தேதியில் குறித்துக்கொண்டால் பின்னால் குழப்பமில்லை. கைக்கடிகாரத்தையும் 15 நிமிடம் முன்னால் நகர்த்திவைக்கலாம். பணமாக நூறு ரூபாய்த் தாள்கள் இருப்பது நல்லது. பெரிய தாள்கள் பற்றிய விதி அடிக்கடி மாறியிருக்கிறது. நூறு ரூபாய்த் தாளுக்குச் சிக்கல் வந்ததில்லை. ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற மதிப்பு 1993 முதல் மாறவில்லை. ஆகையால் கணக்கில் யாரும் ஏமாற்ற முடியாது.

பெலஹியாவிலிருந்து புட்வல் வரை சமதளம். அங்கே வழி பிரியும். வடக்கே பால்பா வழியாகப் போக்ரா போகும் சித்தார்த்தா நெடுஞ்சாலை குறுக்குவழிதான். ஆனால் புட்வலைத் தாண்டியதும் வரும் சித்தபாபா பகுதியில் கல் உருண்டு விழுவது வாடிக்கை. அதற்காகவே அங்கே சுரங்கப்பாதை அமைக்கும் வேலை எடுத்தார்கள். கிழக்கே நாராயண்காட், முக்லிங் வழி சுற்றுதான். எது திறந்திருக்கிறது என்பதை எல்லையில் கேட்பதைவிட, நேபாளப் போக்குவரத்துப் போலீஸின் 103 என்ற எண்ணில் அன்று காலை கேட்பது மேல். எந்த வழியானாலும் மலைச்சாலையில் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வண்டி நிற்கவேண்டும். காத்மாண்டு 30 கிலோமீட்டர்தான் இருக்கிறது என்ற பலகையைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. அந்த முப்பதுக்கு மூன்று மணி நேரம் பிடித்த நாட்கள் உண்டு.

மடக்கும் ஆள், கொள்ளை என்ற பயங்களுக்கு இப்போது வரலாம். 2025 செப்டம்பர் 8, 9 தேதிகளில் இளைஞர்களின் கிளர்ச்சி நேபாளத்தை உலுக்கியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாடாளுமன்றமும் அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் எரிந்தன, காத்மாண்டுவின் ஹில்டன் ஹோட்டலும் தப்பவில்லை. பிரதமர் சர்மா ஒலி பதவி விலகினார், விமான நிலையம் மூடப்பட்டது. தென்மாநில யாத்ரீகர்கள் பலர் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பசுபதிநாத் தரிசனம் முடித்துத் திரும்பிய ஆந்திரப் பயணிகளின் பேருந்து எல்லைக்கருகே தாக்கப்பட்டது. ஆகவே அந்தப் பயம் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது ஒரு சில நாட்களின் ஆபத்து; அந்த நாட்கள் முன்கூட்டியே புகையும். இந்தியத் தூதரகத்தின் அறிவிப்புகளைப் புறப்படும் முன்பும், நேபாளத்தில் ஒவ்வொரு காலையிலும் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளவேண்டும். தூதரக உதவி எண்களைக் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் ஒன்று வைக்கவேண்டும். கலவரத்தில் இணையம் துண்டிக்கப்படலாம். கூட்டம் கூடினால் ஊரைவிட்டு ஓட்டிப்போக முயல்வதைவிட, அரசு அலுவலகங்களிலிருந்து விலகியிருக்கும் சிறு விடுதியில் அடங்கியிருப்பது பாதுகாப்பு. வண்டியில் எப்போதும் பாதி டாங்குக்குக் குறையாமல் எண்ணெய் இருக்கட்டும். 2015 செப்டம்பர் முதல் 2016 பிப்ரவரி வரை நடந்த எல்லை முற்றுகையின்போது நாடு முழுவதும் பெட்ரோல் பங்குகள் வறண்டன.

அடுத்துச் சொல்லப்போவது தங்கவயல் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. வேறு ஊர் வழிகாட்டி நூல்களில் இது இருக்காது.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதில் இறங்கி உழைத்தவர்கள் இப்போது தாத்தாக்கள். முக்திநாத்தை ஒருமுறை பார்த்துவிடவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறைத் தூசியைச் சுவாசித்த நுரையீரல் அவர்களுடையது. சிலிகோசிஸ் என்று சீட்டு வாங்கியவர்கள் சிலர். வாங்காமல் இருமிக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள் இன்னும் பலர். கோரமண்டல் கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டர் அளவில் இருக்கிறது. போக்ராவும் கிட்டத்தட்ட அதே உயரம்தான், அங்கே ஒன்றும் தெரியாது. முக்திநாத்தோ சுமார் 3,700 மீட்டர். காற்றில் பிராணவாயு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். நல்ல நுரையீரலுக்கே தலைவலியும் குமட்டலும் வரும் உயரம் அது.

அப்பாவை அழைத்துப்போக விரும்பும் பிள்ளைகள் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால் நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, மூச்சுத்திறன் சோதனை செய்து, போகலாம் என்ற பதிலை வாங்கவேண்டும். "வேண்டாம்" என்று மருத்துவர் சொன்னால் போக்ராவோடும் பசுபதிநாத்தோடும் நிறுத்திக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை. அனுமதி கிடைத்தவர்களும் போக்ராவிலிருந்து ஒரே மூச்சில் ஏறக் கூடாது. ஜோம்சோமில், சுமார் 2,700 மீட்டரில், ஓர் இரவு தங்கவேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் சிறிய ஆக்சிஜன் சிலிண்டரும் கூடவே இருக்கட்டும். உயர நோயைத் தடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரை மருத்துவர் சொன்னால் மட்டும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அவரிடம் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ கோயில் வாசலில் இருந்தாலும் திரும்பி இறங்கவேண்டும். மூச்சுத் திணறலுக்குக் கீழே இறங்குவதை மிஞ்சிய மருந்து இல்லை.

போக்ராவுக்கு மேலே சொந்த வண்டியை ஓட்டாதிருப்பதே நல்லது. காலிகண்டகி ஆற்றோரமாகப் பேனி வழியாக ஜோம்சோமுக்கு ஏறும் சாலையை அங்கேயே பிறந்து வளர்ந்த ஜீப் ஓட்டுநர்களிடம் விட்டுவிடலாம். விமானத்தில் போனால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்கவேண்டாம். 2022 மே 29இல் போக்ராவிலிருந்து ஜோம்சோம் போன தாரா ஏர் விமானம் மலையில் மோதியதில் நான்கு இந்தியர் உட்பட 22 பேரும் இறந்தனர். காற்று பலமாகிவிடும் என்பதால் அங்கே விமானங்கள் காலையில்தான் பறக்கும். வானிலை சரியில்லை என்று ரத்து செய்தால் சண்டை போடாமல் ஒரு நாள் காத்திருக்கவேண்டும்.

நேபாளத்தில் வண்டி ஓட்டும்போது மூன்று விதிகளை மறக்கக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டினால் மன்னிப்பில்லை. காத்மாண்டு பள்ளத்தாக்கில் 2017 ஏப்ரல் முதல் தேவையில்லாமல் ஹார்ன் அடிக்கத் தடை. பசு அந்த நாட்டின் தேசிய விலங்கு. வேண்டுமென்றே கொன்றால் சிறை, தவறுதலாக இடித்தாலும் விவகாரம் பெரிதாகும். மனிதரோ மாடோ, மோதிவிட்டால் தப்பி ஓடக் கூடாது. கூட்டத்தின் நடுவே நின்று வாதாடவும் கூடாது. காயம்பட்டவருக்கு 102இல் ஆம்புலன்ஸ், 100இல் போலீஸ், சுற்றுலாப் போலீஸுக்கு 1144. போக்ராவில் மணிப்பால் போதனா மருத்துவமனையும், நாராயண்காட்டை ஒட்டிய பரத்பூரில் சித்வன் மருத்துவக் கல்லூரியும் பெரிய காயங்களைப் பார்க்கக்கூடியவை. இவை இரண்டின் இருப்பிடத்தையும் இணையம் இல்லாமலே திறக்கும்படி கைபேசி வரைபடத்தில் பதிந்து வைக்கலாம். எல்லையிலேயே ஒரு நேபாள் டெலிகாம் சிம் வாங்கிவிட்டால் இந்த எண்களை அழைப்பது சுலபம்.

பன்சார் சீட்டு வாங்கும்போது திட்டமிட்ட நாட்களோடு இரண்டு மூன்று நாள் சேர்த்தே வாங்கவேண்டும். ஓர் ஆண்டுக்கு மொத்தம் 30 நாள்தான் இந்திய வண்டி அங்கே இருக்கலாம் என்ற வரம்பையும் மறக்கக் கூடாது. சாலை அடைபட்டு ஒரு நாள் தாமதித்தால்கூடச் சீட்டு காலாவதியாகும், அபராதம் விழும். அபராதத்துக்குப் பயந்துதான் பலர் மழையில், இருட்டில், எல்லையைப் பிடித்துவிடலாம் என்று வண்டியை விரட்டுகிறார்கள். கையில் இரண்டு நாள் மிச்சமிருந்தால் அந்த விரட்டல் தேவைப்படாது. திரும்பும் வழியில் பெலஹியாவில் சீட்டைக் காட்டி, வண்டி வெளியேறியதைப் பதிவுசெய்துகொள்ளவேண்டும். பதியாமல் வந்துவிட்டால் அடுத்தமுறை அதே வண்டியை எல்லையில் நிறுத்திவைத்து விசாரிப்பார்கள்.